அளவுகோலை அளப்பவர்கள்

(கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அறிவியல் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீத்தேனைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குப் புதிதல்ல. நெல்வயல், சதுப்பு நிலம், கால்நடை, குப்பைமேடு, நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய் என்று அதன் பிறப்பிடங்கள் பல. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன், ஒரு டன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 80 மடங்கு. ஆனால் காற்றில் அது தங்குவது பத்தாண்டு அளவுதான். ஆகவே இன்று குறைத்தால் நம் வாழ்நாளிலேயே பலன் தெரியும். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் மீத்தேன் வெளியேற்றத்தை 30 விழுக்காடு குறைப்பதாக உறுதி கொடுத்ததற்கு இதுவே காரணம்.

உறுதி கொடுத்தாயிற்று. குறைந்ததா, கூடியதா என்று யார் சொல்வது? இன்று பெரும்பாலும் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. அப்படியானால் செயற்கைக்கோளில் இருக்கும் கருவி சரியாக அளக்கிறது என்று யார் சொல்வது? அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன். செய்தித்தாளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் முதல் கேள்விக்கான விடை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன்பு நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 720 மீத்தேன் மூலக்கூறுகள் இருந்தன. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2023இன் உலகச் சராசரி 1,934. மிக வேகமாகக் கூடிய ஆண்டுகளில் ஒன்றான 2021இல்கூட அந்த ஓராண்டின் உயர்வு 18 அளவில்தான் இருந்தது. இப்போது கருவி நூற்றில் ஒரு பங்கு பிசகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,934இல் ஒரு விழுக்காடு 19. அதாவது உலகின் வயல்களும் சுரங்கங்களும் மாடுகளும் குப்பைமேடுகளும் சேர்ந்து ஓராண்டில் ஏற்றிய அளவைவிட, கருவியின் ஒரு விழுக்காட்டுப் பிழை பெரியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் நாம் பாராட்டுவோம். இந்தத் துறையில் தொண்ணூற்றொன்பது போதாது.

ஒளியைப் படிக்கும் கருவி

இன்று மீத்தேனை அன்றாடம் உலகம் முழுவதும் பார்த்துவரும் முதன்மையான கருவி ட்ரோபோமி. நெதர்லாந்தும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் சேர்ந்து உருவாக்கியது. சென்டினல்-5பி என்ற செயற்கைக்கோளில் ஏறி, 2017 அக்டோபர் 13 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது. தரைக்கு மேலே ஏறத்தாழ 824 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்குப் பதினான்கு முறைக்கு மேல் புவியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றில் 2,600 கிலோமீட்டர் அகலமான பட்டையைப் பார்க்கும். எந்த நாட்டுக்கு மேலே போனாலும் அங்கே மதியம் ஒன்றரை மணியை ஒட்டித்தான் இருக்கும். மீத்தேனைப் பொறுத்தவரை அதன் பார்வையில் ஒரு புள்ளி என்பது தரையில் 7 கிலோமீட்டருக்கு 5.5 கிலோமீட்டர்.

அது மீத்தேனைத் தொடுவதில்லை, உறிஞ்சி எடுப்பதுமில்லை. சூரிய ஒளி காற்று மண்டலத்தைக் கடந்து கீழே வருகிறது, தரையில் பட்டு மேலே திரும்புகிறது. வரும் வழியிலும் போகும் வழியிலும் மீத்தேன் மூலக்கூறுகள் தமக்கென்று உரிய சில அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 2.3 மைக்ரோமீட்டரை ஒட்டி அந்த அலைநீளங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. திரும்பி வந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விரித்தால், விழுங்கப்பட்ட இடங்கள் கருங்கோடுகளாகத் தெரியும். கோடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு மீத்தேன். ஒளியை வாங்கிப் பதியும் உணரி 1,000க்கு 256 என்ற கட்டங்கள் கொண்டது. தன் வெப்பமே தன் பார்வையைக் கெடுத்துவிடாமலிருக்க அதைப் பூச்சியத்துக்குக் கீழே 133 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகக் கருவியின் வேலை, ஒரு கோட்டின் ஆழத்தையும் அகலத்தையும் வடிவத்தையும் பிழையில்லாமல் பதிவது. கோட்டின் ஆழம் காற்றினால் மாறியதா, கருவியினால் மாறியதா என்று பிரித்தறிய முடியாவிட்டால் அளவு என்பதே இல்லை. நம் ஊர்க் கடைத்தராசைக் குறித்த காலத்துக்கு ஒரு முறை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய், தரப்படுத்திய படிக்கற்களை வைத்துச் சரிபார்த்து முத்திரை வாங்குகிறோம். செயற்கைக்கோளைக் கீழே இறக்கிக் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாது. ஏவிய நாளோடு அதைக் கையால் தொடும் வாய்ப்பு முடிந்துவிடுகிறது. அப்புறம் அது கதிர்வீச்சு அடிக்கும் வெளியில், வெயிலும் இருளும் மாறி மாறி வர, ஆண்டுக்கணக்கில் தனியே வேலை செய்ய வேண்டும்.

பனி வளர்ந்த கண்

அப்படித் தனியே இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2002 மார்ச் 1 அன்று ஐரோப்பா ஏவிய என்விசாட் என்ற பெரிய செயற்கைக்கோளில் சியாமாக்கி என்றொரு கருவி இருந்தது. விண்ணிலிருந்து கீழ்க்காற்று வரையிலான மீத்தேனை உலகளவில் வரைந்து காட்டிய முன்னோடி அதுதான். அதன் எட்டாவது ஒளித்தடம் 2.3 மைக்ரோமீட்டரைப் பார்க்கவென்றே வைத்தது. இன்று ட்ரோபோமி பார்க்கும் அதே பகுதி.

மேலே போன சில மாதங்களில் அந்தத் தடத்துக்கு வந்து சேரும் ஒளி குறையத் தொடங்கியது. காரணம் பனிக்கட்டி. செயற்கைக்கோளின் பாகங்கள் தரையில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சி வைத்திருக்கும். வெற்றிடத்தில் அந்த ஈரம் மெல்ல வெளியேறும். வெளியேறிய நீராவி அருகிலேயே மிகக் குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய்ப் படியும். கருவியில் மிகக் குளிர்ந்த பரப்பு எது? துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே குளிர்வித்து வைத்த உணரிதான்.

படிந்த பனி இரண்டு கெடுதல் செய்தது. ஒன்று, ஒளியைக் குறைத்தது. இரண்டாவது இன்னும் மோசம், ஒளியைச் சிதறடித்தது. சிதறினால் கூர்மையான கருங்கோடு விரிந்து ஆழம் குறையும். ஆழம் குறைந்தால், காற்றில் மீத்தேன் குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். பனியோ நாளுக்கு நாள் தடித்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், கருவிக்குள் பனி வளர்ந்த கதையை உலகத்தின் மீத்தேன் மாறிய கதையாக நாம் படித்திருப்போம்.

கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். அவ்வப்போது உணரியைச் சூடாக்கிப் பனியை விரட்டினார்கள். மீண்டும் குளிர்வித்ததும் மீண்டும் படிந்தது. எந்த நாளில் எவ்வளவு பனி இருந்தது, அதனால் கோட்டின் வடிவம் எப்படி மாறியது என்று கணக்கிட்டுத் திருத்தினார்கள். மற்றொரு சாரார் எட்டாம் தடத்தை விட்டுவிட்டு, 1.6 மைக்ரோமீட்டரைப் பார்க்கும் ஆறாம் தடத்துக்கு மாறினார்கள். 2005இன் இறுதியிலிருந்து அந்தத் தடத்திலும் மீத்தேனுக்கு வேண்டிய உணரிப் புள்ளிகள் கதிர்வீச்சால் பழுதாகி, அளவின் தரம் இறங்கியது. அதையும் பதிவு செய்தார்கள். 2012 ஏப்ரல் 8 அன்று என்விசாட்டுடன் தொடர்பு அறுந்தது. பத்தாண்டுத் தரவு இன்றும் பயன்படுகிறதென்றால், ஒவ்வொரு நாளும் கருவி எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு அதனுடன் சேர்ந்தே இருப்பதால்தான்.

இரவுப் பக்கத்து வேலை

சியாமாக்கி கற்றுக்கொடுத்த பாடம் ட்ரோபோமியின் உடலிலேயே இருக்கிறது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பொருட்களை அது கூடவே சுமந்து போயிருக்கிறது. பகல் பக்கத்தில் புவியைப் பார்க்கும். இரவுப் பக்கத்துக்குப் போனதும் சோதனை தொடங்கும். அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

முதல் சோதனை இருள். உள்ளே இருக்கும் மடிப்புக் கண்ணாடியைத் திருப்பி வெளியொளியை அடைத்துவிடுகிறார்கள். ஒன்றுமே வராதபோதும் உணரி ஏதோ ஒரு சிறு எண்ணைச் சொல்லும். அது கருவியின் சொந்த இரைச்சல். புவியைப் பார்த்த அளவிலிருந்து அதைக் கழித்தால்தான் உண்மையான ஒளி கிடைக்கும். இருளைத் தவறாக அளந்தால் வெளிச்சமும் தவறாகும்.

இரண்டாவது சூரியன். நாளுக்கு ஒரு முறை போல, வட துருவத்தை ஒட்டிக் கடக்கும்போது, சூரிய ஒளி தனி வாசல் வழியாக உள்ளே வருகிறது. நேராகப் பார்த்தால் கண்ணே போய்விடும் என்பதால், ஒளியைப் பரப்பிவிடும் ஒரு தகட்டின் வழியாக வாங்குகிறார்கள். ஒளி விழுந்து விழுந்து அந்தத் தகடே பழசாகலாமல்லவா? அதற்காக இரண்டு தகடுகள். ஒன்றை அடிக்கடியும் மற்றொன்றை எப்போதாவதும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒரே விடையைச் சொன்னால் நல்லது. வேறுபட்டால், பழசானது கருவியல்ல, தகடுதான் என்று தெரியும். சோதிக்கும் பொருளையும் சோதிக்கிற இந்த எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாவது லேசர்கள். மீத்தேனைப் பார்க்கும் பகுதிக்கென்றே ஐந்து சிறிய லேசர்கள் உள்ளே இருக்கின்றன. லேசர் ஒளிக்கு ஒரே அலைநீளம். முழுமையான கருவி என்று ஒன்று இருந்தால் அதை ஊசிபோல் ஒரே கோடாகக் காட்டும். அப்படி எந்தக் கருவியும் இல்லை, கோடு ஒரு சிறு மேடாக விரியும். அந்த மேட்டின் துல்லியமான வடிவம் தெரிந்தால்தான், மீத்தேன் கோட்டின் வடிவத்தைச் சரியாகக் கணிக்க முடியும். சியாமாக்கியில் பனி கெடுத்தது இந்த வடிவத்தைத்தான். லேசர் ஒளி எதிலும் பட்டால் புள்ளி புள்ளியாக மின்னும் இயல்புடையது. அந்தப் புள்ளிகள் அளவைக் கெடுக்காமலிருக்க, லேசரின் வழியில் ஒளிபரப்பும் தகடு ஒன்றை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அலைநீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மேட்டின் வடிவத்தை முழுதாக வரைகிறார்கள். ஏவுவதற்கு முன் ஆய்வகத்தில் வரைந்த வடிவமும் இன்று வானில் வரைந்த வடிவமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

நான்காவது, உணரியின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். விண்வெளித் துகள் ஒன்று அடித்தால் ஒரு புள்ளி செத்துப்போகலாம். சாகாமல், இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும் நிலையற்ற புள்ளியாகவும் மாறலாம். பழுதான புள்ளி சில சமயம் தானே தேறிவிடுவதும் உண்டு. ஆகவே எந்தப் புள்ளியை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்ற பட்டியலைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே கதிர்வீச்சு மிகுதி என்பதால், அங்கே எடுத்த சோதனை அளவுகளைத் தனியே கையாள வேண்டும்.

இவ்வளவையும் பார்ப்பவர்கள் யார்? மீத்தேன் பகுதியைப் பொறுத்தவரை நெதர்லாந்தின் ஸ்ரான் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஒரு சிறு குழு முதன்மையானது. வரைபடங்களை அடுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் இருள் எவ்வளவு, உள்ளிருக்கும் சோதனை விளக்கின் ஒளி எவ்வளவு, லேசர் மேட்டின் வடிவம் எப்படி, நல்ல புள்ளிகள் எத்தனை என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் வரைபடம் நேர்கோடாகத்தான் போகும். ட்ரோபோமியின் மீத்தேன் பகுதி மிக நிலையாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் வெளியிட்ட முடிவு. அதே கருவியின் புறஊதாப் பகுதியில் தேய்மானம் தெரிந்தது, அதற்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். "மாற்றம் இல்லை" என்ற ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை ஆண்டு விழிப்பு இருக்கிறது. புதிய கண்டுபிடிப்புக்குப் பரிசு கொடுக்கும் உலகம் இந்த ஒரு வரிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தரையிலிருந்து ஒரு சாட்சி

உள்ளே இருக்கும் லேசரும் விளக்கும் எவ்வளவு நல்லவையானாலும், அவையும் கருவியோடு சேர்ந்தே முதுமையடைகின்றன. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

ஜப்பான் 2009 ஜனவரி 23 அன்று தானேகாஷிமாவிலிருந்து கோசாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. பசுங்குடில் வாயுக்களை அளக்கவே உருவாக்கியது. ஏவிய ஆண்டிலிருந்தே ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கோடையில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ரெயில்ரோடு பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். அது வறண்டுபோன ஓர் ஏரிப்படுகை. செடி கொடி இல்லை, மட்டமான வெளிர்க் களிமண், பெரும்பாலும் மேகமில்லாத வானம். கையில் நிறமாலைமானியை ஏந்தி வெயிலில் அந்தக் களிமண்மேல் நடந்து, தரை எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்று அளக்கிறார்கள். பலூன் விட்டுக் காற்றின் நிலையை அளக்கிறார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் வேளையில் அதற்கு எவ்வளவு ஒளி போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அது சொன்ன எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். கோசாட்டின் உணர்திறன் காலப்போக்கில் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தது இப்படித்தான்.

அந்த ஏரிப்படுகைக்கு அடியில் லித்தியம் இருக்கலாம் என்று சுரங்க நிறுவனங்கள் பார்வையைத் திருப்பின. மின்கலங்களுக்கு லித்தியம் வேண்டும். ஆனால் தரையைத் தோண்டினால் அதன் நிறமும் மட்டமும் போய்விடும். நாசாவின் வேண்டுகோளின்பேரில் 2023இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 36 சதுர மைல் நிலத்தைச் சுரங்க உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. லித்தியத்தின் தேவையும் உண்மை, அளவின் தேவையும் உண்மை. இரண்டையும் எடைபோட்டு, அளவுக்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கிய முடிவு அது. காலநிலைக்காக நாம் என்ன செய்தாலும், அது பலித்ததா என்று பார்க்க இப்படி ஓர் இடம் வேண்டும்.

ஒளிக்குச் சாட்சி நெவாடா. வாயுவுக்குச் சாட்சி வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பார்க் ஃபால்ஸ் என்ற ஊரில் 2004இல் தொடங்கி, உலகின் பல இடங்களில் டிக்கான் என்ற வலையமைப்பின் நிலையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய நிறமாலைமானி சூரியனையே நேராகப் பார்த்து, தலைக்கு மேலுள்ள காற்றுத் தூண் முழுவதிலும் உள்ள மீத்தேனை அளக்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்தாததால் செயற்கைக்கோளுக்கு உள்ள பல சிக்கல்கள் இதற்கு இல்லை.

அந்த நிலையத்தை யார் சரிபார்ப்பது? விமானங்களும் பலூன்களும். ஏர்கோர் என்ற முறை எனக்கு மிகவும் பிடித்தது. மிக நீண்ட மெல்லிய உலோகக் குழாயைச் சுருட்டி, ஒரு முனையைத் திறந்து வைத்து, பலூனில் கட்டி மேலே அனுப்புகிறார்கள். உயரே போகப் போக அழுத்தம் குறைந்து குழாய் காலியாகும். இறங்கி வரும்போது ஒவ்வோர் உயரத்துக் காற்றும் வரிசையாக உள்ளே நுழைந்து நிரம்பும். தரைக்கு வந்ததும் குழாயை மூடி, ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், எந்த உயரத்தில் எவ்வளவு மீத்தேன் என்று படிக்கிறார்கள். அந்த ஆய்வகக் கருவியோ, கொலராடோவின் போல்டர் நகரில் பேணிவரும் தரப்படுத்திய வாயு உருளைகளோடு ஒத்துப்பார்க்கப்பட்டது. ஆக, 824 கிலோமீட்டர் உயரத்தில் எடுத்த ஓர் எண், படிப்படியாக இறங்கி வந்து, ஓர் அறையில் நிற்கும் வாயு உருளையில் முடிகிறது. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

கருவி சரி, கணக்கு தவறு

கருவியைப் பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2005இல் கிறிஸ்டியன் ஃபிராங்கன்பெர்க்கும் அவரது கூட்டாளிகளும் சியாமாக்கியின் தரவை வைத்து, வெப்பமண்டலக் காடுகளின் மேலே எதிர்பார்த்ததைவிட அதிக மீத்தேன் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அறிவியல் உலகமே திரும்பிப் பார்த்தது. உயிருள்ள செடிகளே மீத்தேனை வெளியிடுகின்றனவா என்ற விவாதம் அடுத்த ஆண்டு எழுந்தபோது இந்த முடிவும் அதோடு சேர்த்துப் பேசப்பட்டது.

2008இல் ஃபிராங்கன்பெர்க்கின் குழுவே திருத்தம் வெளியிட்டது. நீராவியும் அந்த அகச்சிவப்புப் பகுதியில் ஒளியை விழுங்குகிறது. எவ்வளவு விழுங்கும் என்று அதுவரை பயன்படுத்திய அட்டவணையில் குறை இருந்தது. வெப்பமண்டலத்தில் நீராவி மிகுதி. ஆகவே நீராவி விழுங்கிய ஒளியில் ஒரு பங்கு மீத்தேனின் கணக்கில் ஏறிவிட்டது. திருத்திப் பார்த்தபோது வெப்பமண்டல மீத்தேன் வெளியேற்றத்தின் மதிப்பீடு கணிசமாகக் கீழே இறங்கியது. புகழ்பெற்ற முடிவை, அதை வெளியிட்டவர்களே அளவையின் அடிப்படைக்குத் திரும்பிப் போய்த் திருத்தினார்கள். அறிவியலின் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இது.

ட்ரோபோமிக்கும் இப்படிப்பட்ட சிக்கல்கள் உண்டு. 2.3 மைக்ரோமீட்டரில் நீர்ப்பரப்பும் பனிமூடிய தரையும் மிகவும் கருமை, பாலைவனம் வெளிச்சம். கருமையான தரையின் மேலே மீத்தேன் கொஞ்சம் குறைவாகத் தெரியும் சாய்வு ஆரம்ப ஆண்டுகளில் தெரியவந்து, அதற்கான திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. மண்ணின் நிறம் சட்டென மாறும் இடங்களில், இல்லாத மீத்தேன் புகைபோல நீண்டு தெரிவதும் உண்டு. ஸ்ரான் ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டின் ட்ரோபோமி தரவை இயந்திரக் கற்றல் வழியே அலசி 2,974 மீத்தேன் கசிவுத் தடங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வேலையில் பாதி, உண்மைத் தடத்தையும் போலித் தடத்தையும் பிரிப்பதுதான்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு குற்றச்சாட்டு

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். இன்று ஒரு மீத்தேன் எண் என்பது வெறும் ஆராய்ச்சி எண்ணாக இல்லை. அது ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ நோக்கிக் கைகாட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2016 ஜூன் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி34 புறப்பட்டது. அதில் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய, ஒன்றரைக் கிலோ எடையுள்ள செயற்கைக்கோளும் போனது. பசுங்குடில் வாயுக்களை அளப்பதே அதன் நோக்கம். அதே ராக்கெட்டில் ஜி.ஹெச்.ஜி.சாட் என்ற கனடா நிறுவனத்தின் முதல் செயற்கைக்கோள் கிளேரும் போனது. 2019 ஜனவரியில் துர்க்மெனிஸ்தானின் கோர்பெஜே பகுதியில் ஒரு சேற்று எரிமலையைப் பார்க்கப்போன கிளேர், அருகிலிருந்த எரிவாயு நிலையம் ஒன்றிலிருந்து பெருமளவு மீத்தேன் வெளியேறுவதைக் கண்டது. ட்ரோபோமியின் தரவும் அதை உறுதி செய்தது. தூதரக வழியில் தகவல் போனது, பின்னர் கசிவு நின்றது. இரண்டு கருவிகள், இரண்டு நிறுவனங்கள், தனித்தனியே சோதிக்கப்பட்டவை, ஒரே விடையைச் சொன்னதுதான் அந்தத் தகவலுக்கு எடை கொடுத்தது.

2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எரிவாயுக் கிணறு ஒன்று வெடித்து இருபது நாள் கசிந்தது. பதின்மூன்றாம் நாள் ட்ரோபோமி அதன் மேலே கடந்தபோது எடுத்த அளவிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 120 டன் மீத்தேன் வெளியேறியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். டெல்லி, மும்பை குப்பைமேடுகளும் 2022இல் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வொன்றில் இடம்பெற்றன. இப்போது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமே செயற்கைக்கோள் தரவை வைத்துக் கசிவுகளை நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் அறிவித்து வருகிறது.

அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் கருவி சரியா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்பது அவர்கள் உரிமை. அதற்கு விடை, கருவியின் பெருமையைப் பேசுவதில் இல்லை. அன்றைய தேதியில் இருள் எவ்வளவு, லேசர் கோட்டின் வடிவம் என்ன, எந்தப் புள்ளிகள் ஒதுக்கப்பட்டன, தரை நிலையங்களோடு வேறுபாடு எவ்வளவு என்று எடுத்து வைப்பதில் இருக்கிறது. ட்ரோபோமியைப் பொறுத்தவரை சரிபார்ப்பு அறிக்கைகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுவில் வெளியாகின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குறையையும் சேர்த்தே வெளியிடுகிற அந்த வழக்கம்தான் அந்த எண்ணை மறுக்க முடியாததாக்குகிறது. தன் கருவி எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் விற்கும் எவரையும், அவர் எந்த நாட்டவரானாலும், நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

இனி நான் உங்களிடம் கேட்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தொடர்ச்சி. எந்தக் கருவியும் ஒரு நாள் நின்றுபோகும். மீத்தேனைத் துல்லியமாக அளக்க 2024 மார்ச்சில் ஏவப்பட்ட மீத்தேன்சாட், 2025 ஜூன் 20 அன்று தொடர்பை இழந்தது, மீட்க முடியவில்லை. ட்ரோபோமி ஏழு ஆண்டு ஆயுளுக்கென்று வடிவமைக்கப்பட்டது, அந்த எல்லையைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வழித்தோன்றலான சென்டினல்-5 கருவி 2025 ஆகஸ்டில் மேலே போயிருக்கிறது. பழையதும் புதியதும் சிறிது காலம் ஒரே வானத்தைச் சேர்ந்து பார்த்தால்தான் இரண்டின் அளவுகளையும் ஒன்றோடொன்று பொருத்த முடியும். புதியது வந்துவிட்டதே என்று பழையதைச் சட்டென நிறுத்துவது, இருபதாண்டுத் தொடரை நடுவில் வெட்டுவதாகும்.

இரண்டாவது, தரை நிலையங்கள். டிக்கான் நிலையங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆசியாவின் வெப்பமண்டலத்தில் பிலிப்பைன்ஸின் பர்கோஸ் போல மிகச் சில. நெல் விளையும் நிலமும் நீராவி மிகுந்த வானமும் இந்தப் பக்கம்தான். காவிரிப் படுகையில் சம்பா வளரும் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வானத்தை மூடியிருக்கும், மேகத்தின் ஊடே ட்ரோபோமியால் பார்க்க முடியாது. நம் வயல்களைப் பற்றி யாரோ எங்கிருந்தோ சொல்லும் எண்ணை ஏற்கவோ மறுக்கவோ வேண்டுமானால், அதை உரசிப்பார்க்க நம் மண்ணில் தரமான அளவுகள் வேண்டும். அதற்கு நம் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் முதல் போட வேண்டும். ஓராண்டுத் திட்டமாக அல்ல, இருபதாண்டுத் திட்டமாக.

மூன்றாவது, மாணவர்களே, உங்களுக்கு. செயற்கைக்கோளைக் கட்ட வேண்டும், ஏவ வேண்டும் என்று உங்களில் பலர் கனவு காண்பீர்கள். நல்லது. கட்டிய கருவியைப் பத்தாண்டு பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் உங்களில் சிலர் வர வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு ஒளியியல் தெரிய வேண்டும், மின்னணுவியல் தெரிய வேண்டும், புள்ளியியல் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேராகப் போகும் கோடு ஒரு நாள் சற்றே சாயும்போது அதைப் பார்த்துவிடும் பொறுமை வேண்டும். சாய்ந்தது காற்றா, கருவியா என்று தீர்ப்பதற்கு முன்னால் எதையும் வெளியே சொல்லாத நேர்மை வேண்டும். புவி சூடாவதைத் தடுக்க நாடுகள் கொடுத்த வாக்குறுதிகள் காப்பாற்றப்பட்டனவா என்று 2030இல் உலகம் கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கை நம்பத்தக்கதாக ஆக்கப்போகிறவர்கள் இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான்.